அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க ஆவணப்படங்கள் சொல்லுங்கள்

குழித்துறைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. மூன்று மாதம் முன்னால் தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறார். வாக்கரைப் பிடித்து முற்றம் வரைக்கும் நடக்கிறார், அதற்கு மேல் முடியவில்லை. பொழுது விடிந்தால் வெளியில் கிளம்பிப் பழகிய மனிதர். இப்போது நாள் முழுக்க தொலைக்காட்சிக்கு எதிரே. செய்தி விவாதங்களைப் பார்த்தால் ரத்த அழுத்தம் ஏறுகிறது, சீரியல் அவருக்குப் பிடிக்காது.

போன ஞாயிறு இரவு 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' போட்டேன். முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் ரகு என்கிற குட்டியானையை வளர்க்கும் படம், 2023இல் ஆஸ்கர் வாங்கியதே, அதுதான். நாற்பது நிமிடம். அப்பா அசையவில்லை. பொம்மன் ஆற்றில் ரகுவைத் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அப்பாவின் கையும் நாற்காலிக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பிறகு ரகுவை அவர்களிடமிருந்து பிரித்து வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்று வந்ததும், "வளத்தவன்கிட்ட இருந்து எதுக்குப் பிரிச்சானுவ?" என்று படுக்கப் போகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த உற்சாகத்தில் மறுநாள் ஓர் ஆங்கிலப் படம் போட்டேன். பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கீழே ஓடுகிற எழுத்தைப் பிடிக்கக் கண்ணும் ஒத்துழைப்பதில்லை. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளும் கூட உட்காருவாள்.

பேச்சு குறைவாகவும் கண்ணுக்கு நிறையவும் இருக்கிற படங்களாகச் சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் அவரால் உட்கார முடியாது. உங்களுக்கு ரொம்பப் பிடித்ததை, ஏன் பிடித்தது என்றும் சேர்த்துச் சொன்னால் எனக்குத் தேர்ந்தெடுக்க வசதியாக இருக்கும்.

இரவுப்பணி

'மை ஆக்டோபஸ் டீச்சர்', அக்கா. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பக்கம், கடலுக்கடியில் ஆளுயரத்துக்கும் மேலே பாசி காடு மாதிரி வளர்ந்து நிற்கிறது. கிரெய்க் ஃபாஸ்டர் என்பவர் ஆக்சிஜன் உருளை இல்லாமல், மூச்சடக்கி, அந்தக் குளிர்ந்த தண்ணீரில் தினமும் இறங்கி ஒரே ஓர் ஆக்டோபஸைப் போய்ப் பார்க்கிறார். ஏறக்குறைய ஒரு வருடம். ஒரு நாள் சுறா அதன் கை ஒன்றைக் கடித்துப் பிய்த்துவிடும். அது பொந்துக்குள் வெளிறிப் போய்க் கிடக்கும். அப்புறம் அதே இடத்தில் குட்டியாக ஒரு கை முளைக்கும்.

நான் செவிலியர். தீக்காய வார்டில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து காலையில் பார்த்தேன். அந்தக் குட்டிக் கைக்காகவே மூன்று தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் படம் முழுக்க அவர் பேசிக்கொண்டே இருப்பார். அப்பாவுக்கு அது சிரமமாக இருக்கலாம்.

பழைய ரீல்

உங்கள் நிபந்தனையைப் படித்ததும் எனக்கு ஒரே ஒரு படம்தான் நினைவுக்கு வந்தது: 'தி ஸ்டோரி ஆஃப் தி வீப்பிங் கேமல்'. 2003இல் வந்தது. மங்கோலியாவில் கோபி பாலைவனத்தில் கூடாரம் போட்டு ஆடும் ஒட்டகமும் மேய்க்கும் ஒரு குடும்பம். பருவத்தின் கடைசிப் பேறு. தாய் ஒட்டகம் ரொம்பக் கஷ்டப்பட்டு வெள்ளைக் கன்று ஒன்றை ஈனுகிறது. ஈன்றதும் கன்றைச் சேர்க்க மாட்டேன் என்கிறது. மடியில் வாய் வைக்கப் போனால் உதைக்கிறது. நம் ஊரில் மாடு கன்றைச் சேர்க்காவிட்டால் வீட்டில் எல்லோர் முகமும் எப்படி ஆகும் என்று பார்த்தவர்களுக்கு இதில் ஒரு வார்த்தை விளக்கம் தேவையில்லை.

அவர்களுக்கு இதற்கென்று ஒரு சடங்கு இருக்கிறது. வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் ஒட்டகத்தில் ஏறித் தூரத்து ஊருக்குப் போய் ஓர் இசைக்கலைஞரை அழைத்து வருகிறார்கள். வந்தவர் தன் இரண்டு தந்தி வாத்தியத்தை முதலில் ஒட்டகத்தின் திமிலில் மாட்டித் தொங்கவிடுகிறார். காற்று பட்டு அது தானாக ஒலிக்கிறது. அப்புறம் அவர் வாசிக்க, வீட்டுப் பெண் ஒட்டகத்தைத் தடவிக்கொண்டே பாட, மெல்ல மெல்ல அந்த விலங்கின் கண்ணிலிருந்து நீர் வழிகிறது. பிறகு என்ன நடக்கிறது என்று சொல்லப் போவதில்லை. நீங்களே பாருங்கள்.

பையன்களில் சின்னவனுக்குப் போன ஊரில் தொலைக்காட்சி பார்த்து ஆசை வந்துவிடும். உங்கள் மகளுக்கு அந்தப் பையனைப் பிடிக்கும்.

இன்னொன்று, சத்யஜித் ராய் 1976இல் எடுத்த 'பாலா'. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். கடற்கரையில் 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ'வுக்கு அவர் அபிநயம் பிடிக்கிறார். காற்றில் சேலை படபடக்கிறது, பின்னால் அலை. அந்தக் காற்று நடனத்தைக் கெடுக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் காற்று வேண்டும். அரங்கத்தில் அவரைப் பார்க்கக் கொடுத்துவைக்காத தலைமுறைக்கு அசையும் படமாகக் கிடைத்தது கொஞ்சம்தான், அதில் காற்றும் இருக்கட்டும்.

சேலத்து டீச்சர்

என் அனுபவத்திலிருந்து ஒரு யோசனை சொல்கிறேன் அம்மா. பேச்சில்லாத படமாகத் தேடினால் பட்டியல் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதைவிட, படத்தை வாசித்துக் காட்டுங்கள்.

அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வகுப்பில் ஓர் ஆவணப்படம். ஆங்கில எழுத்து வேகமாக ஓடும், பிள்ளைகளால் பிடிக்க முடியாது. அதனால் நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். முதலில் முழு வசனத்தையும் சொல்லப் பார்த்துத் திணறினேன். அப்புறம்தான் புரிந்தது, கால்வாசி சொன்னாலே போதும். 'மார்ச் ஆஃப் தி பென்குவின்ஸ்' போட்டபோது, ஆண் பென்குவின் முட்டையைக் காலின் மேல் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஒன்றும் சாப்பிடாமல் பனிக்காற்றில் நிற்கும் இடம் வந்தது. நான் வாயையே திறக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "மிஸ், அது அப்பாவா?" என்று கேட்டான். அவ்வளவுதான், மீதிப் படத்தை வகுப்பே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது.

உங்கள் மகளை வாசிக்கச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைவிட நல்ல ஆங்கிலப் பயிற்சி கிடையாது. ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் நிறுத்துங்கள். தாத்தா கேள்வி கேட்கட்டும்.

அந்த வயதுப் பெண்ணுக்கு 'பீரியட். எண்ட் ஆஃப் சென்டன்ஸ்' கட்டாயம் காட்டுங்கள். 26 நிமிடம்தான். தில்லிக்குப் பக்கத்து ஹாப்பூரில் ஒரு கிராமத்துப் பெண்கள் நாப்கின் செய்து விற்கக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் இயக்குகிற இயந்திரம் நம் கோயம்புத்தூர் முருகானந்தம் கண்டுபிடித்தது. ஆரம்பத்தில் பெரிய பெண்களே அந்த வார்த்தையைச் சொல்ல வெட்கப்பட்டு முகத்தை மூடுவார்கள். கடைசியில் கடை கடையாக ஏறி விற்பார்கள்.

ஒலிப்பதிவு

இயற்கைப் படம் யாரும் பரிந்துரைத்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு பார்க்கச் சொல்வேன். நான் ஒலித் துறையில் வேலை செய்கிறேன். சிறுத்தை புல்லில் நடக்கும் சத்தம், ஆமைக்குஞ்சு முட்டையோட்டை உடைத்து வெளியே வரும் சத்தம், இதெல்லாம் பெரும்பாலும் அந்த விலங்கிடமிருந்து வந்ததில்லை. கேமரா அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்று நீண்ட லென்ஸில் கிட்டே கொண்டுவந்துவிடும். மைக்கால் அது முடியாது. அதனால் ஸ்டூடியோவில் ஒருவர் உட்கார்ந்து துணியையும் காய்ந்த புல்லையும் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தங்களை உண்டாக்குகிறார்.

சத்தம் மட்டுமில்லை. 2011இல் பிபிசியின் 'ஃப்ரோசன் பிளானட்' தொடரில் பிறந்த பனிக்கரடிக் குட்டிகளைக் காட்டிய இடம் ஒரு விலங்குக்காட்சி சாலையில் எடுக்கப்பட்டது. பெரிய சர்ச்சை ஆனது. 1958இல் வந்த டிஸ்னியின் 'ஒயிட் வில்டர்னஸ்' இன்னும் மோசம். லெம்மிங் என்கிற சின்ன எலிகள் கூட்டமாகக் கடலில் குதித்துத் தற்கொலை செய்வதாகக் காட்டினார்கள். உண்மையில் விலைக்கு வாங்கி வந்து தள்ளிவிட்டு எடுத்தது. அதற்கு ஆஸ்கரும் கிடைத்தது. உலகம் இன்றுவரை லெம்மிங் தற்கொலை செய்யும் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. வீட்டில் பெரியவருக்கும் குழந்தைக்கும் காட்டும்போது இதையும் சொல்லிக் காட்டுவதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

பழைய ரீல்

லெம்மிங் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். அது ஏமாற்று. ஆனால் பனிக்கரடிக் குட்டியை அதே தராசில் வைக்க மாட்டேன். குகைக்குள் குட்டியோடு இருக்கும் தாயிடம் கேமராவைக் கொண்டுபோனால் தாயும் கலங்கும், குட்டிக்கும் ஆபத்து, எடுப்பவருக்கும் ஆபத்து. எங்கே எடுத்தோம் என்பதைப் படத்திலேயே ஒரு வரி சொல்லியிருந்தால் சர்ச்சையே வந்திருக்காது.

இந்தக் கேள்வி ஆவணப்படம் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1922இல் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி எடுத்த 'நானூக் ஆஃப் தி நார்த்'தில், வட கனடாவின் இன்யூட் மக்களில் ஒரு குடும்பம் பனிவீட்டுக்குள் தூங்கி எழுகிற காட்சி வரும். உள்ளே வெளிச்சம் போதாது என்று பாதி வீட்டைத் திறந்தபடி விட்டு எடுத்தார்கள். வீட்டுக்குள் தூங்குவதுபோல் இருந்தவர்கள் திறந்தவெளிப் பனியில் இருந்தார்கள். நானூக் என்பது அந்த வீட்டுக்காரராக வருபவரின் உண்மைப் பெயரும் இல்லை. அவர்கள் அப்போதே துப்பாக்கி பயன்படுத்திய மக்கள், படத்துக்காக ஈட்டி எடுத்தார்கள். இவ்வளவும் தெரிந்தபிறகும் அவர் படத்தில் வரும் பையனுக்குச் சின்ன வில்லில் அம்பெய்யக் கற்றுக்கொடுக்கிற இடத்தில் எனக்குக் கண் கலங்கும். அந்தப் பாசத்தை யாரும் ஏற்பாடு செய்திருக்க முடியாது.

ஒலிப்பதிவு

பாசம் உண்மையாக இருக்கலாம் ஐயா. ஆனால் துப்பாக்கி வைத்திருந்தவர் கையில் ஈட்டியைக் கொடுத்தது, அந்த மக்கள் நூறு வருடம் பின்தங்கியவர்கள் என்று உலகத்துக்குச் சொன்னது. இன்று நம் மலைக்கிராமத்துக்கு ஒருவர் கேமராவோடு வந்து, செல்போனை மறைத்து வையுங்கள், தழையாடை கட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

பழைய ரீல்

இருக்க மாட்டோம். நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன்.

கரவெட்டி

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். அம்சன் குமார் எடுத்த 'யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி' பார்த்தீர்களா? தவில் மேதை தெட்சணாமூர்த்தியைப் பற்றியது. இந்தியாவில் தேசிய விருதும் கிடைத்த படம். தமிழ்ப் படம் என்றபடியால் அப்பாவுக்கு யாரும் வாசித்துக் காட்டத் தேவையில்லை. தெட்சணாமூர்த்தி காலமானது 1975இல். அவரைக் கேட்டவர்களும் கூட வாசித்தவர்களும் இரண்டு கரையிலும் இருந்து பேசுகிறார்கள். என் அப்பப்பா எங்கள் கோயில் திருவிழாவில் விடிய விடிய நின்று அவர் தவில் கேட்டவர். படத்தில் ஒருவர் அந்தச் சொற்கட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் அப்பப்பா கதிரையில் இருந்தபடியே தொடையில் தாளம் போட்டார். கதை கேட்டாலே அவருக்குச் சத்தம் வந்துவிட்டது.

சோமிதரனின் 'எரியும் நினைவுகள்' இன்னொன்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றியது. 97,000 புத்தகங்கள், அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும். அந்த நூலகத்தில் படித்தவர்களும் வேலை செய்தவர்களும் பேசுகிறார்கள். கனமான படம். உடம்பு தேறி வருகிற நேரத்தில் வேண்டாம், பிறகு ஒருநாள் கட்டாயம் பாருங்கள். உங்கள் மகள் பார்க்க வேண்டும்.

திருச்சி பஸ்

வீரப்பன் பற்றிய தொடர்கள் இரண்டு இருக்கின்றன, அப்பாவுக்குப் பிடிக்கும். தமிழ்தான்.

சேலத்து டீச்சர்

வயதானவர்கள் விரும்பிப் பார்ப்பார்கள், உண்மை. வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும்போது எனக்கு யோசனையாக இருக்கிறது. துப்பாக்கியும் கொலையும் என்பதற்காக இல்லை. எவ்வளவு பேர் செத்தார்கள் என்பதைவிட ஆள் எப்படித் தப்பித்தார் என்பதுதான் பார்க்கிறவர் மனதில் தங்குகிறது.

ஆனால் கனமான படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன், பெற்றோரிடம் சொல்லிவிட்டு. கையால் மலம் அள்ளும் வேலையில் இன்னும் மனிதர்களை இறக்குகிறோம் என்பதைப் பாடப்புத்தகத்தின் ஒரு பத்தி அவர்களுக்குச் சொல்லவில்லை. படம் முடிந்த மறுநாள், பள்ளிக் கழிப்பறை கழுவ வரும் அம்மாவின் பெயரைக் கேட்டு வந்து சொன்னார்கள். அதுவரை எனக்கே அந்தப் பெயர் தெரியாது.

'நீரோஸ் கெஸ்ட்ஸ்' விவசாயி வீட்டில் எல்லோரும் பார்க்க வேண்டியது. மகாராஷ்டிராவின் விதர்பா பகுதியில் விவசாயிகள் தற்கொலை செய்துகொண்ட வீடுகளுக்கெல்லாம் பத்திரிகையாளர் சாய்நாத் போகிறார், கேமரா பின்னாலேயே போகிறது. யூடியூபில் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

குழித்துறைக்காரி

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவே இல்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். டீச்சர் சொன்னதை மகளிடம் சொன்னேன். "நான் படிக்கிறேன்" என்று உடனே சொல்லிவிட்டாள்.

ஒன்று கேட்கலாமா? அப்பாவுக்கு வேலை சம்பந்தமான படம் என்றால் உயிர். யாராவது கையால் எதையாவது செய்துகொண்டிருந்தால் போதும், பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்தவர், நாற்பது வருடமாக. அது மாதிரி தொழில் படங்கள் ஏதாவது?

இரவுப்பணி

அக்கா! தேன் என்று முதலிலேயே சொல்லக் கூடாதா? 'ஹனிலேண்ட்'!

பழைய ரீல்

ஆமாம், 'ஹனிலேண்ட்'. ஒட்டகத்தைத் தள்ளி வையுங்கள், முதலில் இதைப் போடுங்கள்.

வடக்கு மாசிடோனியாவில் மின்சாரமும் சாலையும் இல்லாத ஒரு மலைக்கிராமம். எல்லோரும் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். ஹதீஜே என்கிற பெண்ணும் படுக்கையில் கிடக்கும் அவருடைய வயதான தாயும் மட்டும் மிச்சம். ஹதீஜே பாறை இடுக்கிலும் பழைய சுவரின் பொந்திலும் தேனீ வளர்க்கிறார். கையுறை கிடையாது. தேன் எடுக்கும்போது பாதி எனக்கு, பாதி உங்களுக்கு என்று தேனீக்களிடமே சொல்லிப் பாதியை விட்டுவிடுவார். பிறகு பக்கத்தில் ஒரு பெரிய குடும்பம் வந்து குடியேறுகிறது. ஏழு பிள்ளைகள், மாடுகள், ஒரு டிரெய்லர் வண்டி. அந்த வீட்டுக்காரரும் தேன்பெட்டி வைக்க ஆரம்பிக்கிறார். அங்கிருந்துதான் கதை.

படம் எடுத்தவர்கள் தமாரா கோதெவ்ஸ்கா, லூபோமிர் ஸ்தெஃபானொவ். மூன்று வருடம் அங்கே போய்ப் போய்த் தங்கி 400 மணி நேரம் எடுத்திருக்கிறார்கள். இதில் உங்கள் அப்பாவுக்கு ஏற்ற ஒரு விஷயம் இருக்கிறது. ஹதீஜே பேசுவது பழைய துருக்கி வழக்கு. எடுத்தவர்களுக்கே அந்த மொழி தெரியாது. என்ன பேசினார்கள் என்று தெரியாமலே, சத்தத்தை நிறுத்திவிட்டு, முகத்தையும் கையையும் பார்த்துத்தான் முதலில் படத்தைத் தொகுத்தார்கள். அதனால் மொழி தெரியாமல் பார்த்தாலும் படம் நிற்கும்.

2020 ஆஸ்கரில் ஆவணப்படம், அயல்நாட்டுப் படம் என்று இரண்டு பிரிவிலும் பரிந்துரை பெற்றது. படம் எடுத்தவர்கள் பிறகு ஹதீஜேவுக்குப் பக்கத்து ஊரில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள்.

ஒலிப்பதிவு

இதற்கு நானும் ஓட்டுப் போடுகிறேன். நல்ல ஸ்பீக்கர் இருந்தால் இணைத்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து ஒரு கல்லை அவர் நகர்த்தியதும் உள்ளே இருக்கிற கூட்டத்தின் இரைச்சல் மாறும், அதைக் கேளுங்கள். உங்கள் அப்பாவுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

குழித்துறைக்காரி

நேற்று பார்த்தோம். இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மகள் தாத்தாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். முதல் காட்சியில் ஹதீஜே மலை விளிம்பில், கொஞ்சம் தவறினாலும் ஆள் கிடைக்காத இடத்தில் நடந்து போய்ப் பாறைத் தகட்டை எடுக்கிறார். உள்ளே அடை. அப்பா, "அடை இருக்கப்பட்ட நெறத்தப் பாரு, கொள்ளாம், நல்ல கூடு" என்றார். அதற்கு மேல் நாங்கள் அவருக்குச் சொன்னதைவிட அவர் எங்களுக்குச் சொன்னதுதான் அதிகம். புகை எதற்கு, எவ்வளவு போட வேண்டும், கை ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது, எல்லாம்.

பாதி எனக்கு பாதி உனக்கு என்று மகள் வாசித்ததும் நிறுத்தச் சொன்னார். "நாங்களும் அப்படித்தான். மேலறையிலதான் எடுப்போம். கீழறையில புழு இருக்கும், அது திங்கிறதுக்கு உள்ள தேனு, அதுல கை வைக்கக் கூடாது" என்றார். மழைக்காலத்தில் பூ இருக்காது, ரப்பர் தளிரும் இருக்காது, அப்போது சீனிப்பாகு காய்ச்சிக் கொடுப்போம் என்றும் சொன்னார். அம்மா பெரிய பாத்திரத்தில் அந்தப் பாகு காய்ச்சியது எனக்கு நினைவிருக்கிறது. அது எதற்கு என்று நேற்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரர் தேன் வியாபாரிக்குக் கொடுப்பதற்காகப் பெட்டியை வழித்தெடுக்கும் இடம் வந்தது. அப்பா நாற்காலியில் முன்னால் சாய்ந்துவிட்டார். "இவன் ஒண்ணும் வைக்கலியே. பாத்துக்கிட்டே இரு மக்களே, இவனுக்க ஈ பட்டினி கெடந்து அவளுக்க கூட்டுல போய்க் கொள்ளையடிக்கும். அவளுக்க ஈய முழுக்கக் கொன்னு போடும்" என்றார். திரையில் அப்போது ஹதீஜே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மகள் எழுத்தைப் படித்துவிட்டு, "தாத்தா, அதையேதான் அவங்களும் சொல்றாங்க" என்றாள். அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை விழுந்த நாளிலிருந்து நான் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அப்படியே நடந்தது. ஹதீஜேயின் கூட்டில் தேனீக்கள் செத்துக் கிடந்தன. அப்பா நிறுத்தச் சொன்னார். படம் நின்றபிறகு 1991, 92ஐப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் தேனீக்களுக்குத் தாய்சாக் என்கிற வைரஸ் நோய் வந்த வருடங்கள் அவை. மார்த்தாண்டம் வட்டாரம் முழுக்கப் பெட்டி காலியானது. அப்போது எனக்குச் சின்ன வயது. எங்களிடம் அறுபது பெட்டி இருந்ததும் நாலு மிச்சமானதும் கணக்காகத் தெரியும். அவர் காலையில் பெட்டியைத் திறந்து சின்னக் கம்பியால் புழுவைத் தூக்கினால் அது தண்ணீர் கட்டிய பை மாதிரி வரும் என்பதும், ஒவ்வொரு பெட்டியாக அப்படித் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார் என்பதும், கடைசிப் பெட்டியைத் திறக்காமலே திரும்பி வந்தார் என்பதும் நேற்றுத்தான் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒருவரிடமும் சொன்னதில்லை. மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அவரே "போடு" என்றார். தாய் இறக்கும் இடத்தில் மூன்று பேரும் பேசவில்லை. முடிந்ததும் என்னிடம், "அவளுக்கு இனி ஆரு உண்டு?" என்று கேட்டார். பழைய ரீல் ஐயா எழுதியிருந்த வீட்டு விஷயத்தைச் சொன்னேன். "பெட்டி வைக்க எடம் இருக்கா அந்த வீட்டுல?" என்றார்.

இன்று காலை வாக்கரைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி, கிணற்றடியில் இருக்கும் இரண்டு பெட்டி வரைக்கும் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். மூடியைத் திறக்கவில்லை. காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உண்டு" என்று மட்டும் சொன்னார்.

கரவெட்டி

அக்கா, வாசித்துவிட்டு அப்பப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அந்தக் கடைசிப் பெட்டியில் உயிர் இருந்ததா என்று அவர் கேட்கிறார்.

குழித்துறைக்காரி

அப்பாவிடம் கேட்டேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தாராம். மிச்சமான நாலில் அது ஒன்று. இப்போது கிணற்றடியில் இருப்பது அந்தக் கூட்டத்திலிருந்து பிரித்து வந்த வழிதான் என்கிறார். அப்பப்பாவிடம் சொல்லுங்கள்.

இரவுப்பணி

வார்டில் இடைவேளையில் படித்தேன். வாக்கரோடு போகும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும் அக்கா. தரை ஈரமாக இருந்தால் வேண்டாம். ஆனால் போகட்டும், தடுக்காதீர்கள்.

சேலத்து டீச்சர்

உங்கள் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். அவளுக்காக ஒன்று: 'அப்போலோ 11', 2019இல் வந்தது. நிலவுப் பயணத்தின்போதே எடுத்து அமெரிக்க ஆவணக் காப்பகத்தில் கிடந்த அகலமான படச்சுருள்களைக் கண்டுபிடித்துத் தொகுத்திருக்கிறார்கள். இன்றைய பேட்டி ஒன்றும் இல்லை, கதை சொல்லும் குரலும் இல்லை. ராக்கெட் கிளம்பும் இடம் நேற்று எடுத்த மாதிரி இருக்கும்.

ஒலிப்பதிவு

கைத்தொழில் என்று கேட்டிருந்தீர்கள். 'ஜீரோ ட்ரீம்ஸ் ஆஃப் சூஷி'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் சுரங்க ரயில் நிலையத்துக்குள் பத்து இருக்கை மட்டும் உள்ள கடை, 85 வயதிலும் நின்று வேலை செய்யும் சமையல்காரர். அவரிடம் வேலை பழகுகிறவர் முட்டையில் செய்யும் ஒரு பண்டத்தை 200 தடவைக்கு மேல் செய்து, ஒவ்வொரு தடவையும் சரியில்லை என்று திரும்பி, கடைசியில் ஒருநாள் சரி என்று கேட்டபோது அழுதேன் என்பார். பேச்சு இருக்கிறது, ஆனால் மகள் பார்த்துக்கொள்வாள்.

குழித்துறைக்காரி

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். வரும் ஞாயிறு ஒட்டகம். மகள் கதையை மேலோட்டமாகச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, மத்தியானத்திலிருந்து அப்பா ஒரே கேள்விதான் கேட்கிறார். பழைய ரீல் ஐயா, கன்று பிழைத்துக்கொள்ளுமா இல்லையா என்று அவருக்கு இப்போதே தெரிய வேண்டுமாம்.

பழைய ரீல்

சொல்ல மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் போடுங்கள், ஒன்றரை மணி நேரம்தான்.